பயிற்சிக்கு இடம் பிடித்துத் தருகிறோம் என்பவர்களை எப்படி நம்புவது?

சிங்கப்பூரில் 'ஏபிஎன்' எனப்படும் உயர்நிலைத் தாதியாக விரும்பும் ஒருவர், முதுநிலைப் படிப்பை முடித்துவிட்டு மேற்பார்வையின்கீழ் மருத்துவமனையில் பயிற்சி பெறுகிறார். பெரும்பாலும் அவர் வேலை செய்யும் மருத்துவமனையே அவரைப் படிக்க அனுப்புகிறது. யாரிடம் போய்த் தொழில் கற்பது என்ற கவலை அவருக்கு இல்லை.

அமெரிக்காவில் ஏறக்குறைய இதே பணிக்குப் படிப்பவரை 'நர்ஸ் பிராக்டிஷனர்' மாணவர் என்கிறார்கள். நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்தும் எழுதித் தரும் தகுதி பெறப்போகும் தாதி அவர். பகலில் படிப்பு, இரவில் வேலை என்று பாடங்களை முடித்து நிமிரும்போது, அங்குள்ள கல்லூரிகள் பல அவரிடம் சொல்வது இதுதான்: பயிற்சிக்கான மருந்தகத்தையும் அங்கே கற்றுத்தரும் வழிகாட்டியையும் நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் தாதியாக இருக்கும் அக்காவோ மகளோ மருமகளோ உள்ள குடும்பங்கள் நம்மிடையே உண்டு. "இடம் கிடைக்கவில்லை. ஒரு முகவை 2,000 டாலர் கேட்கிறது. கட்டட்டுமா?" என்று அவர் தொலைபேசியில் கேட்டால், இங்கிருப்பவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. வீட்டுப் பணிப்பெண் முகவையைத் தெரியும். மாணவருக்கு ஆசிரியர் பிடித்துத் தரும் முகவையா?

ஏன் இந்தத் தட்டுப்பாடு?

1965ஆம் ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய சிறிய பயிற்சித் திட்டத்திலிருந்து வளர்ந்தது இந்தத் தொழில். இன்று அங்கு உரிமம் பெற்ற நர்ஸ் பிராக்டிஷனர்கள் 385,000க்கும் மேல். இணையவழிப் படிப்புகள் பெருகியதால், ஒரு மாநிலத்தில் உள்ள கல்லூரி இன்னொரு மாநிலத்தில் வசிக்கும் மாணவரைச் சேர்த்துக்கொள்கிறது. அந்த மாணவரின் ஊரில் கல்லூரிக்குத் தெரிந்த மருந்தகம் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம்.

இதற்கிடையே, நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் பயிற்சி குறைந்தது 500 மணி நேரம் என்று இருந்ததை, 2022இல் வெளிவந்த தேசியக் கல்வித் தர வரையறை 750 மணி நேரமாக உயர்த்தியது. நோயாளிகளுக்கு அது நல்லது. ஆனால் கற்றுத்தரும் வழிகாட்டிகளின் எண்ணிக்கை அதோடு சேர்ந்து உயரவில்லை. மாணவர் பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு நோயாளிக்கும் கூடுதல் நேரம் பிடிக்கும். பெரும்பாலான வழிகாட்டிகளுக்கு அதற்கு ஊதியம் கிடையாது. மருத்துவ மாணவர்களும் அதே கதவைத்தான் தட்டுகிறார்கள். ஜார்ஜியா, மேரிலண்ட், ஹவாயி போன்ற சில மாநிலங்கள் வழிகாட்டிகளுக்கு வரிச்சலுகை தருமளவுக்கு இந்தத் தட்டுப்பாடு முற்றிவிட்டது.

அந்த இடைவெளியில் நுழைந்தவைதான் பயிற்சி இட முகவைகள். கட்டணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டியையும் மாணவரையும் இணைத்துவைக்கின்றன. வாங்கும் பணத்தில் ஒரு பகுதி வழிகாட்டிக்குப் போவதும் உண்டு. இதில் சட்டவிரோதம் என்று எதுவும் இல்லை. ஒழுங்காக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும், ஏற்கெனவே கல்விக் கட்டணம் செலுத்திய மாணவர், படிப்பின் மிக முக்கியமான பகுதிக்கு வெளியாரிடம் மறுபடியும் பணம் கட்டுவது நியாயமாகப் படவில்லை. எனவே முகவையை அழைக்கும் முன், கல்லூரியின் பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்துமூலம் உதவி கேட்பதுதான் முதல் வேலை. வாயால் கேட்டதை அவர் மறந்துவிடலாம்.

முகவை விற்பது எது?

மாணவருக்கு வேண்டியது கல்லூரி ஏற்றுக்கொண்ட பயிற்சி நேரம். அதை எந்த முகவையாலும் விற்க முடியாது. முகவை விற்பது வெறும் அறிமுகத்தை. அந்த வழிகாட்டியின் தகுதி, அனுபவம், உரிமம், மருந்தகத்துக்கு வரும் நோயாளிகளின் வகை எல்லாவற்றையும் பார்த்து ஒப்புதல் தருவது கல்லூரி. பிறகு கல்லூரிக்கும் மருந்தகத்துக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். பெரிய மருத்துவமனை என்றால் இரு தரப்பு வழக்கறிஞர்களும் அதைப் படித்து முடிக்கவே மாதக்கணக்கில் ஆகலாம்.

பணம் தொலைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மணிக்கு 12 டாலர் என்று வைத்துக்கொண்டால் 180 மணி நேரப் பயிற்சிக்கு 2,160 டாலர். மாணவி அதைக் கட்டிவிடுகிறார். முகவை சொன்னபடியே ஒரு மருத்துவரைக் காட்டுகிறது. ஆனால் மாணவி படிப்பதோ குடும்ப மருத்துவப் பிரிவு. இந்தச் சுற்றில் அவர் பார்க்க வேண்டியது குழந்தைகளை. அந்த மருத்துவரிடம் வருபவர்கள் எல்லாரும் முதியோர். கல்லூரி மறுத்துவிடுகிறது. "நாங்கள் இடம் தந்துவிட்டோம், உங்கள் கல்லூரி ஏற்காதது எங்கள் தவறல்ல" என்கிறது முகவை. ஒப்பந்தத்தைப் புரட்டினால், அப்படியே எழுதியும் இருக்கிறது.

ஆகவே முழுப் பணமும் கல்லூரியின் ஒப்புதலுக்குப் பிறகுதான் என்ற நிபந்தனையை ஏற்கும் முகவையைத் தேட வேண்டும். முன்பணம் கேட்டால், கல்லூரி மறுக்கும் பட்சத்தில் அது பணமாகவே திரும்பி வரும் என்று எழுதியிருக்க வேண்டும். 'அடுத்த சுற்றுக்கு வரவு வைக்கிறோம்' என்பது பணத்தைத் திருப்பித் தருவது ஆகாது. 'உத்தரவாதம்' என்ற சொல்லையும் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். எத்தனை மைல் தொலைவுக்குள், எந்தத் தேதிக்குள், எந்தப் பிரிவில் என்று சொல்லாத உத்தரவாதம் விளம்பர வாசகம் மட்டுமே. பாதியில் வழிகாட்டி விலகிவிட்டால் மிச்ச நேரத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் அதில் தேடிப் பார்க்கலாம். பல ஒப்பந்தங்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

வழிகாட்டியின் பெயரைப் பணம் கட்டுமுன் சொல்ல முகவைகள் தயங்கும். பெயர் தெரிந்தால் மாணவர் நேரே போய்ப் பேசிவிடுவார் என்ற பயம். வியாபாரம் செய்பவரின் பயம் புரிகிறது. ஆனால் பெயரே தெரியாத ஒருவருக்காக ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்வது அதிகம். குறைந்தபட்சம், திரும்பப் பெறக்கூடிய ஒரு சிறு முன்பணத்தோடு பெயரைத் தரச் சம்மதிக்க வேண்டும்.

பெயர் கிடைத்துவிட்டால் சரிபார்ப்பது எளிது, செலவும் இல்லை. தாதியர் உரிமங்களை 'நர்சிஸ்' என்ற தளத்தில் எவரும் பார்க்கலாம். மருத்துவர் என்றால் அந்தந்த மாநில மருத்துவ வாரியத்தின் பக்கத்தில் உரிமமும் ஒழுங்கு நடவடிக்கைகளும் இருக்கும். 'என்பிஐ' எனப்படும் தேசிய அடையாள எண் பதிவேட்டில் அவர் எந்த முகவரியில் பதிந்திருக்கிறார் என்பது தெரியும். அதன்பின் மருந்தகத்தின் பொது எண்ணுக்கே அழைத்து, இந்தப் பருவத்தில் மாணவர்களை எடுக்கிறார்களா என்று கேட்டுவிடலாம். பக்கத்து மாநிலத்தில் பயிற்சி என்றால், அங்கே தன் தாதிமை உரிமம் செல்லுமா என்பதையும் மாணவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணம் செலுத்துவதில் கடன்பற்று அட்டைதான் பாதுகாப்பு. ஒப்புக்கொண்ட சேவை கிடைக்காவிட்டால், அந்தத் தொகை முதலில் இடம்பெற்ற கணக்கறிக்கை அனுப்பப்பட்ட 60 நாள்களுக்குள் எழுத்துமூலம் முறையிடும் உரிமையை அமெரிக்கச் சட்டம் தருகிறது. ஆனால் பயிற்சி தொடங்க ஐந்து மாதம் இருக்கும்போதே முழுத் தொகையையும் கட்டினால், ஏமாந்தது தெரியுமுன்பே அந்த 60 நாள் ஓடிவிடும். கைப்பேசிச் செயலி வழியே நேரே வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்வதே நல்லது.

கையெழுத்து மட்டும் போதும் என்பவர்

"நீங்கள் தினமும் வர வேண்டாம், மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்று சொல்பவர் கிடைத்தால், இரவு வேலை பார்த்துக் களைத்திருக்கும் மாணவருக்கு அது உதவி போலத் தோன்றலாம். 2023 ஜனவரியில் அமெரிக்க அதிகாரிகள் 'ஆபரேஷன் நைட்டிங்கேல்' என்ற நடவடிக்கையை அறிவித்தார்கள். தென் புளோரிடாவின் மூன்று தாதிமைப் பள்ளிகளிலிருந்து 7,600க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டதாகக் கூறி 25 பேர்மீது குற்றம் சாட்டினார்கள். அவை அடிப்படைத் தாதிமைச் சான்றிதழ்கள். நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சி அல்ல. ஆனால் அதற்குப் பிறகு மாநில வாரியங்கள் வாங்கியவர்களின் உரிமங்களையும் தேடிப் பிடித்தன. பொய்க் கணக்குக் காட்டிச் சிக்கும் மாணவர் புதிய உரிமத்தை மட்டுமல்ல, பல ஆண்டுகளாகச் சோறு போட்ட பழைய தாதிமை உரிமத்தையும் பணயம் வைக்கிறார். மருந்து எழுதும் அதிகாரத்தோடு அவர் பார்க்கப்போகும் முதல் நோயாளிக்கு நேரக்கூடியதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

அங்கே படிப்பில் இன்னும் சேராதவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சேருமுன்பே கல்லூரியைக் கேட்டுவிடலாம்: சென்ற ஆண்டு மாணவர்களில் எத்தனை பேருக்கு நீங்கள் இடம் தந்தீர்கள்? என் ஊரில் எந்த மருந்தகங்களோடு உங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது? இடம் கிடைக்காமல் ஒரு பருவம் தள்ளிப்போனால் கட்டணம் என்ன ஆகும்? கட்டணம் சற்று அதிகமானாலும் இடத்தைத் தானே ஏற்பாடு செய்துதரும் கல்லூரி, முகவைக் கட்டணத்தையும் தள்ளிப்போகும் மாதங்களின் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மலிவாகவே இருக்கக்கூடும்.