பூசணியில் விரியும் முகங்கள்

முற்றிய பூசணியின் விதையையும் நாரையும் வழித்தெடுத்துவிட்டு, அதன் சுவரில் கண், மூக்கு, வாய் வெட்டி உள்ளே விளக்கு வைக்கும் கைவேலை பூசணிச் செதுக்கல். அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரிட்டன் போன்ற நாடுகளில் அக்டோபர் 31 அன்று வரும் ஹாலோவீனையொட்டிச் சிறுவர்கள் பெரியவர்களுடன் சேர்ந்து இதைச் செய்கிறார்கள். இப்படி விளக்கு வைத்த பூசணியை ஜாக்-ஓ-லாண்டர்ன் என்கிறார்கள்.

இந்த வழக்கம் பூசணியில் தொடங்கியதல்ல. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் முகம் செதுக்கினார்கள். அப்படிப்பட்ட ஒரு பழைய டர்னிப் முகத்தின் வார்ப்பு, அயர்லாந்தின் மேயோ பகுதியில் உள்ள தேசிய அருங்காட்சியகக் கிளையில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து மக்கள் பெருமளவில் அமெரிக்காவில் குடியேறியபோது, அந்த மண்ணுக்கே உரிய பூசணி அவர்கள் கைக்கு வந்தது. டர்னிப்பைவிடப் பெரியது, உள்ளே ஏற்கெனவே பாதி வெற்றிடம். குடையும் வேலை எளிதானது.

செதுக்குவதற்கென்றே வளர்க்கப்படும் வகைகளில் பெயர்பெற்றது, மாசசூசெட்ஸ் விவசாயி ஜான் ஹவ்டன் உருவாக்கிய ஹவ்டன் பூசணி. தடித்த காம்பும் ஆழமான வரிகளும் அதன் அடையாளம். தமிழ்நாட்டுச் சந்தைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பரங்கிக்காய் வேறு இனம். சதை கனமாகவும் இறுகியும் இருப்பதால் அதைக் குடைவது கடினம். எந்த வகையானாலும், அடி தட்டையாக உட்கார வேண்டும். விரலால் அழுத்தினால் எங்கும் குழையக் கூடாது. காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கனம் தாங்காமல் ஒடிந்துவிடும்.

முதல் வெட்டு பெரியவரின் வேலை. காம்பைச் சுற்றி மூடி வெட்டும்போது கத்தியை உட்புறமாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேராக வெட்டினால் மூடி உள்ளே விழுந்துவிடும். சாய்த்து வெட்டினால் விளிம்பில் படிந்து நிற்கும். அடுத்தது சிறுவர்களுக்குப் பிடித்த கட்டம்: கையை உள்ளே விட்டு, வழவழப்பான நாரையும் விதையையும் அள்ளுவது. பிறகு பெரிய கரண்டியால் உட்சுவரைச் சுரண்ட வேண்டும். முகம் வரும் பக்கத்தில் சுவர் சுமார் 2.5 செ.மீ. தடிமனுக்கு மெலிந்தால் ரம்பம் எளிதாக இறங்கும்.

முகத்தைக் காகிதத்தில் வரைந்து பூசணியில் ஒட்டி, கோட்டின்மேல் குண்டூசியால் நெருக்கமாகக் குத்தினால், காகிதத்தை எடுத்த பிறகும் புள்ளிகள் வழிகாட்டும். வெட்டுவதற்கு மெல்லிய பல் ரம்பமே ஏற்றது. சமையலறைக் கத்தி வழுக்கிக் கையைக் கிழிக்கும். சிறிய துண்டுகளை முதலிலும் பெரிய வாயைக் கடைசியிலும் வெட்ட வேண்டும். வாயை முதலில் வெட்டிவிட்டால் சுவர் வலுவிழந்து, கண்ணை வெட்டும்போது பிளந்துவிடக்கூடும்.

சுவரை முழுவதும் துளைக்காமல், மேல்தோலை மட்டும் சீவியும் படம் வரையலாம். துளைத்த இடத்தில் வெளிச்சம் பளிச்சென்று தெரியும். சீவிய இடத்தில் சதை வழியாக ஊறி ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். தோல் உள்ள இடம் இருட்டாகவே நிற்கும். எவ்வளவு ஆழம் சீவுகிறோமோ அவ்வளவு வெளிச்சம். மூன்று அழுத்தங்களில் நிழல்படம் போன்ற முகத்தை இதனால் கொண்டுவர முடியும். இது பயிற்சி பெற்ற பெரிய பிள்ளைகளுக்கே பொருந்தும்.

சின்னக் குழந்தைகளிடம் கத்தியும் ரம்பமும் வேண்டாம். அவர்கள் முகத்தை வரையட்டும், பெரியவர்கள் வெட்டட்டும் என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. வெட்டாமலே செய்யக்கூடியவையும் நிறைய உண்டு. அக்ரிலிக் வண்ணம் தீட்டலாம். நூலை முடியாகவும் பொத்தானைக் கண்ணாகவும் ஒட்டலாம். மர கோல்ஃப் ஆணிகளைச் சிறு சுத்தியலால் தட்டி முள்ளம்பன்றி செய்யலாம். பிஸ்கட் வெட்டும் உலோக அச்சைத் தோலின்மேல் வைத்துப் பெரியவர் சுத்தியலால் தட்டினால், நட்சத்திரமும் நிலவும் பிசிறில்லாமல் பதியும்.

உள்ளே மெழுகுவத்தியைவிட மின்கல எல்.இ.டி. விளக்கே பாதுகாப்பானது. மெழுகுவத்திச் சுடர் மூடியின் அடிப்பகுதியைக் கருக்கும். அருகே வரும் பிள்ளைகளின் ஆடையிலும் தீப்பற்றலாம்.

செதுக்கிய பூசணியின் ஆயுள் சில நாட்களே. வெட்டுவாயின் வழியாக நீர் ஆவியாகி முகம் சுருங்கும். ஈரமான உட்புறத்தில் பூஞ்சை பிடிக்கும். வெட்டிய ஓரங்களில் வாசலின் தடவினால் நீர் இழப்பு குறையும். வெயிலிலும் வெப்பத்திலும் கேடு விரைவாகும். அதனால் விழாவுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு செதுக்குவதே சரியான கணக்கு.

வழித்தெடுத்த விதைகளைக் கழுவி உலர்த்தி, எண்ணெயும் உப்பும் சேர்த்து வறுத்தால் நொறுக்குத்தீனி. குடைந்த பூசணியில் சமையல் சோடாவைப் போட்டு வினிகரை ஊற்றினால், கார்பன் டை ஆக்சைடு பொங்கி நுரை வாய்வழியே வழியும். எரிமலைப் பரிசோதனைக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடையாது. விழா முடிந்ததும் மெழுகு, ஊசி, பொத்தான் ஆகியவற்றை நீக்கிவிட்டு உரக்குழியில் போடலாம். வண்ணம் தீட்டிய பூசணியை மட்டும் உரக்குழியிலும் சேர்க்கக் கூடாது, ஆடுமாடுகளுக்கும் போடக் கூடாது.