இரண்டாம் பாகம்

பட்டினச்சேரிக் கடற்கரையில் பிறந்தவனுக்குப் பேரம் பேசுவதைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. விடியலில் படகு கரை சேர்ந்ததும் கூடைமீனைச் சுற்றி ஏலக்குரல் எழும். வெயில் ஏற ஏற விலை இறங்கும் என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். அந்தக் கணக்கையே மனத்திற்கொண்டு, 1970-களில் கல்லூரிப் படிப்பின் நிமித்தம் சென்னைக்குச் சென்ற நான், மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடையொன்றில் வாய் திறந்தபோதுதான், நாள் செல்லச் செல்ல மதிப்பு ஏறுகிற சரக்கும் உலகில் உண்டென்பதை அறிந்தேன்.

சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி, 1898-ல் அடிக்கல் நாட்டப்பெற்று 1900-ல் திறக்கப்பெற்ற அந்தச் செங்கல் மாளிகை, மாநகராட்சித் தலைவராயிருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயரைத் தாங்கி நின்றது. கிராமபோன் தட்டுகளும் கூண்டுப் பறவைகளும் விலைபோன அந்தச் சந்தடிக்கிடையே, வீடு காலி செய்பவர்கள் எடைக்குப் போட்ட மூட்டைகளைப் பிரித்துக்கொண்டு கடைக்காரர்கள் அமர்ந்திருப்பார்கள். தராசில் கிலோக் கணக்கில் ஏறி இறங்கிவிட்ட ஒரு கட்டுக்குள்ளிருந்து ஒன்றை உருவி, தூசியை ஊதி, முதற்பக்கத்தில் அச்சகத்தின் பெயரையும் ஆண்டையும் விரலால் தடவிப் பார்த்து, பேசாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார் ஒரு பெரியவர். காகிதமாகிவிட்ட பண்டம் மீண்டும் நூலாகிற க்ஷணம் அதுதான்.

அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்துதான் எனக்கு முஸே, துய்புய் என்னும் இரு பாதிரிமார் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி கிடைத்தது. புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் முதற்பாகம் 1855-லும் இரண்டாம் பாகம் 1862-லும் வெளிவந்த நூல். என் கைக்கு வந்தது இரண்டாம் பாகம் மட்டுமே. அட்டையிலிருந்து நடுப்பக்கம்வரை ஊசி குத்தியதுபோல் ஒரே பூச்சித் துளை. ஓரங்களில் எவரோ ஊதா மையில் எழுதிய பிரெஞ்சுச் சொற்கள். பிரெஞ்சுக் கொடியின்கீழ்ப் படித்த என் தகப்பனார் அந்தக் கையெழுத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “முதல் பாகம் வந்தா எடுத்து வைக்கிறேன் தம்பி” என்று பெரியவர் சொல்லியிருந்தார்.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. நெருப்புக்கும் பழைய புத்தகத்துக்கும் உள்ள உறவு எங்கும் ஒரேவிதமாக முடிவதில்லை என்பதற்கு ஜப்பானின் ஜிம்போச்சோ சாட்சி. 1913-ல் டோக்கியோவின் அப்பகுதி எரிந்து போயிற்று. அதே ஆண்டு இவனாமி ஷிகேயோ என்னும் ஆசிரியர் அங்கே பழைய புத்தகக் கடை திறந்தார். அது பிற்காலத்தில் புகழ்பெற்ற பதிப்பகமாயிற்று. இன்று அங்குள்ள பழைய புத்தகக் கடைகளிற் பெரும்பாலானவை, வெயில் பட்டால் அட்டை வெளுக்குமென்று வடக்கு நோக்கியே இருக்கின்றன. நம்மிடமோ, எரிந்த இடத்தில் ரயில்வே கட்டடம் எழுந்தது. கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்கு நகர்ந்தன.

ஆயினும் நமக்கும் ஒரு பேறு வாய்த்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும், அவர் 1992-ல் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காக்கப்பெற்று, சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. பிறர் கழித்ததைப் பொறுக்கிய ஒரு மனிதரின் பொறுமையால் விளைந்த செல்வம் அது.

அகராதியின் முதற்பாகத்தை நான் பின்னாளில் ஒரு நூலகத்தில் அமர்ந்து படித்துவிட்டேன், தேவை தீர்ந்தது. இருந்தும், சென்னைக்குச் செல்லும்போதெல்லாம் அல்லிக்குளத்தில் கடைகடையாக அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஊதா மை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.