பத்துப் பாத்திரமும் பழைய யந்திரமும்

"அந்தக் காலத்து யந்திரம் மாதிரி வருமா? ஒரு மணி நேரத்தில் பளிச்சென்று கழுவிக் கொடுத்துவிடுமே! இப்போது வாங்கினது மூன்று மணி நேரம் முணுமுணுக்கிறது. கடைசியில் பார்த்தால் கண்ணாடித் தம்ளரில் வெள்ளைப் படலம்!"

இப்படி அங்கலாய்ப்பவர் அமெரிக்காவில் உள்ள எந்தப் பாட்டியாகவும் இருக்கலாம். பாத்திரம் கழுவும் யந்திரம், அதாவது டிஷ்வாஷர், அங்கே மூன்று தலைமுறையாகக் குடித்தனம் நடத்துகிறது. ஆகவே மாமியார் காலத்து யந்திரத்தையும் மருமகள் காலத்து யந்திரத்தையும் ஒப்பிட்டுப் பேசுவது ஓயாத விவகாரம். பாட்டி சொல்வதில் பாதி உண்மை. மற்றப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் இதைக் கண்டுபிடித்த சீமாட்டியைப் பார்ப்போம். ஸ்ரீமதி ஜோஸபின் காக்ரேன் இல்லினாய் மாகாணத்தில் ஷெல்பிவில் என்ற ஊரில் செல்வாக்காக வாழ்ந்தவர். பரம்பரைப் பீங்கான் தட்டுகளை வேலைக்காரர்கள் கழுவும்போது விளிம்பு உடைத்தார்கள். தாமே கழுவிப் பார்த்தார், அலுத்துவிட்டது. யாரும் செய்யாவிட்டால் நானே ஒரு யந்திரம் செய்கிறேன் என்று கிளம்பினார். 1883ல் கணவர் கடனை வைத்துவிட்டுக் காலமானார். அதற்குமேல் அது பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு. தட்டுகளை அளந்து, ஒவ்வொன்றும் அசையாமல் நிற்கும்படி கம்பிக் கூடுகள் பின்னினார். ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக் துணை செய்தார். தாமிரக் கொப்பரைக்குள் சக்கரம் சுழல, கீழிருந்து வெந்நீரும் சோப்பும் பீய்ச்சி அடிக்கும். 1886 டிசம்பரில் பேடண்ட் கிடைத்தது. 1893ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் பரிசும் வாங்கியது. ஓட்டல்காரர்கள் வாங்கினார்கள், வீடுகளில் வாங்கவில்லை. அவ்வளவு வெந்நீர் எந்த வீட்டு அடுப்பில் கொதிக்கும்?

தட்டை அசையாமல் நிறுத்து, தண்ணீரை ஓடவிடு என்ற அந்த அம்மாளின் யோசனைதான் இன்றைய யந்திரத்துக்கும் அஸ்திவாரம்.

வீடுகளுக்கு இது பரவலாக வந்தது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு. அந்நாளைய யந்திரங்கள் பலவற்றில் அடியில் ஒரு சின்ன விசிறி இருக்கும். அது சுழன்று தண்ணீரை மேலே வாரி இறைக்கும். முன்னால் நிற்கும் தட்டு நன்றாக நனையும். அதன் நிழலில் நிற்கும் கிண்ணம் பாவம்! பிற்பாடு, துவாரங்களுள்ள குழாய்க் கை ஒன்று தானே சுழன்று தண்ணீரைச் சீறி அடிக்கும் ஏற்பாடு வந்து விசிறியை ஓரம் கட்டியது.

பழைய யந்திரத்தின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருந்தது. ஒன்று, வெந்நீர். கை வைக்க முடியாத சூட்டில் தண்ணீர் வரும். அழுக்கானதைக் கொட்டிவிட்டு மறுபடி புதிதாக நிரப்பிக்கொள்ளும். 1970களில் சில அமெரிக்க யந்திரங்கள் ஒரு தடவைக்கு சுமார் 50 லிட்டர் குடித்தன. இரண்டு, பொடி. 1955ல் காஸ்கேட் என்ற பொடி கடைக்கு வந்தது. இந்த ரகப் பொடிகளில் குளோரினும் காரமும் பாஸ்பேட்டும் உண்டு. பாஸ்பேட் என்பது உப்புத் தண்ணீரின் சுண்ணாம்பைக் கட்டிப் போட்டு, அழுக்கு மறுபடி பாத்திரத்தில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும் பொருள். தம்ளர் பளபளத்ததற்கு அதுவே முக்கிய காரணம். அதே பாஸ்பேட் ஏரிகளில் சேர்ந்து பாசியைக் கொழுக்க வைத்தது. 2010ல் அமெரிக்காவின் பல மாகாணங்கள் யந்திரப் பொடியில் அதைத் தடுத்தன. தம்ளர்கள் மங்கின. யந்திரம் கெட்டுவிட்டது என்று எண்ணி ரிப்பேர்காரரைக் கூப்பிட்டவர்கள் உண்டு!

தண்ணீருக்கும் கட்டுப்பாடு வந்தது. 2013 முதல் அங்கே சாதாரண அளவு யந்திரம் ஒரு தடவைக்கு 5 காலன், அதாவது சுமார் 19 லிட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது. ஐரோப்பிய யந்திரங்கள் பல 10 லிட்டரில் வேலையை முடிக்கின்றன. அப்படியானால் அழுக்கு எப்படிப் போகிறது?

1959ல் ஜெர்மனியில் ஹெர்பர்ட் ஸின்னர் என்ற நிபுணர் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். சூடு, விசை, மருந்து, நேரம் ஆகிய நான்கும் சேர்ந்துதான் அழுக்கைப் போக்குகின்றன; ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்ட வேண்டும். அடிப்பிடித்த பால் பாத்திரத்தை ராத்திரி ஊறப் போடும் எந்தப் பெண்ணுக்கும் இது தெரிந்த சங்கதிதான். புது யந்திரம் சூட்டையும் தண்ணீரையும் குறைத்து, நேரத்தைக் கூட்டியிருக்கிறது. குளோரினுக்குப் பதில் என்ஸைம்கள் வந்துவிட்டன. ஒன்று சோற்றுக் கஞ்சியைத் தின்னும், இன்னொன்று முட்டை, பால் கறையைத் தின்னும். அவை நிதானமாகத்தான் சாப்பிடும். மூன்று மணி நேர முணுமுணுப்பின் ரகசியம் இதுவே. மின்சாரத்தில் பெரும் பங்கு தண்ணீரைச் சூடாக்கவே செலவாகிறபடியால், அதிக நேரம் ஓடியும் பில் குறைகிறது.

நான்கு சொன்னார் ஸின்னர். பழைய யந்திரத்தில் ஐந்தாவது ஒன்றும் இருந்தது. அதை யாரும் கணக்கில் எழுதவில்லை. யந்திரத்தில் அடுக்குமுன் ஒவ்வொரு தட்டையும் குழாயடியில் அலசித் துடைத்துக் கொடுத்தாளே, அந்த வீட்டு அம்மாளின் கை! விசிறி யந்திரங்களுக்கு அப்படி அலசிக் கொடுக்காவிட்டால் காய்ந்த பருக்கை அப்படியே நிற்கும். பாதி வேலையை அவள் செய்தாள். பெயர் மட்டும் யந்திரத்துக்கு. 'ஒரு மணி நேரம்' என்று பாட்டி சொல்லும் கணக்கில் அவருடைய அரை மணி சேரவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. 2020 ஊரடங்கில் வேலைக்காரம்மாள் வர முடியாமல் நம் நகரங்களிலும் இந்த யந்திரத்தை வாங்கியவர்களில் பலர் பாத்திரத்தைத் தேய்த்துவிட்டே உள்ளே வைக்கிறார்கள். அது வீண். இன்றைய யந்திரங்கள் பலவற்றில் தண்ணீரின் கலங்கலை வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்கும் ஏற்பாடு உண்டு. தண்ணீர் தெளிவாயிருந்தால், அழுக்கே இல்லை என்று நினைத்துச் சீக்கிரம் முடித்துவிடும். எச்சிலை வழித்துப் போட்டுவிட்டு அப்படியே வையுங்கள். அலுமினிய வாணலியை மட்டும் வைக்காதீர்கள், கறுத்துப் போகும். எண்ணெய் பழகிய இரும்புத் தோசைக்கல்லும் கூடாது.

பழைய அமெரிக்க யந்திரங்கள் சிலவற்றில் பருக்கையை அரைத்துச் சாக்கடைக்கு அனுப்பும் கத்தி இருந்தது, சத்தமும் அதற்கேற்றபடி! இப்போது பெரும்பாலும் அடியில் வெறும் வடிகட்டிதான். வாரம் ஒரு தடவை அதைக் கழற்றிக் குழாயடியில் தேய்த்துக் கழுவ வேண்டும். கையால்தான்.