பரணும் ஒளியிழையும்

பரண் என்னும் சொல் தமிழில் இரண்டு இடங்களைக் குறிக்கும். தினைப்புனத்தில் கிளி கடிவோர் ஏறியிருந்த உயர்ந்த இருக்கை ஒன்று. அதனைச் சங்க நூல்கள் இதணம் என்றும் கழுது என்றும் கூறும். வீட்டினுள் கூரைக்கு அடியில் பழம்பானையும் புளியும் ஏட்டுச்சுவடியும் போட்டு வைக்கும் இடம் மற்றொன்று. மலேசியத் தமிழர் வாழும் வரிசை வீடுகளில், சீலிங் என வழங்கும் உட்கூரைக்கும் மேலுள்ள ஓட்டுக்கும் இடைப்பட்ட இருண்ட வெளியே இக்காலத்துப் பரண் எனலாம். தண்ணீர்த் தொட்டி அங்கே இருக்கிறது. மின்கம்பிகள் அங்கே ஓடுகின்றன. எலியும் அங்கேதான் குடியிருக்கிறது. இணையக் கருவியையும் அங்கேயே ஏற்றிவிட்டால் என்ன என்று இப்போது சிலர் எண்ணத் தலைப்பட்டுள்ளனர்.

இவ்வெண்ணம் குளிர்நாடுகளிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் சரிவான கூரையின் அடியில் உள்ள அறை ஆண்டின் பெரும்பகுதி குளிர்ந்தே இருக்கும். கண்ணுக்குப் புலப்படாமல் கருவிகளை ஒளித்து வைக்க அது நல்ல இடம். அங்குள்ளோர் கூறும் அறிவுரையைத் தாப்பாவில் அப்படியே பின்பற்றலாமா என்பதே ஆராய வேண்டுவது.

இதனைச் சிறு செய்தி என்று தள்ளிவிடுதல் இயலாது. 2020 மார்ச்சு 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. இல்லிருப்புக் கற்றல் என்னும் புதிய தொடர் ஆசிரியர்களின் வாயில் நாள்தோறும் வழங்கலாயிற்று. அவ்வாண்டு சபா மாநிலத்து மாணவி ஒருவர் அலை கிடைக்கும் இடந்தேடி மரத்தின் மேல் ஏறியமர்ந்து தேர்வு எழுதியதாக வந்த செய்தியை நாடே பேசிற்று. பழைய இதணம் மீண்டும் வந்தது போலும்! தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான் வீடுகளில் குடியேறிய குடும்பங்களில் ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் பயன்படுத்திய நிலையும் இருந்தது. பின்னர் ஜென்டெலா என்னும் அரசுத் திட்டம் 2022 இறுதிக்குள் 75 இலட்சம் இடங்களுக்கு ஒளியிழை எட்ட வேண்டுமென இலக்கு வகுத்தது. இழை வாசல் வரை வந்துவிட்ட வீட்டில், அதனை எங்கே, எப்படிப் பொருத்துவது என்பதில் பிழை நேர்ந்தால், வந்த பயன் வாசலோடு நின்றுவிடும்.

இழை என்பது நூலிழையைக் குறிப்பதோடு அணிகலனையும் குறிக்கும். ஆயிழை, சேயிழை என்னும் வழக்குகளைத் தமிழாசிரியர் நன்கு அறிவர். ஒளியிழையோ கண்ணாடியால் ஆன நூல். அதன் நடுவே ஒளி செல்லும் உட்கரு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு பருமனே உடையது. சுற்றியுள்ள கண்ணாடி உறையையும் சேர்த்தால் 125 பங்கு. தலைமயிரைவிடச் சற்றே தடிப்பு. உட்கருவின் கண்ணாடி ஒளியை ஒடிக்கும் தன்மை, உறைக்கண்ணாடியினதைவிடச் சிறிது மிகுதி. ஆதலின் உட்கருவினுள் புகுந்த ஒளி பக்கத்தே வெளியேற முயலும்போது மீண்டும் உள்ளேயே திருப்பப்படுகிறது. ஓடும் நீர்த்தாரையின் வளைவோடு ஒளியும் வளைந்து செல்வதை ஜான் டின்டால் 1854இல் இலண்டனில் காட்டினார். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, ஹாப்கின்சுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக்கற்றையின் வழியே உருவத்தையே அனுப்ப முடியும் என்று 1954இல் எழுதினார். எனினும் நெடுந்தொலைவு செல்லும்போது ஒளி அழிந்துபட்டது. குறை கண்ணாடியின் தூய்மையின்மையில்தான் உள்ளது என்று 1966இல் காட்டியவர் ஷாங்காயில் பிறந்த சார்லஸ் காவ். ஒரு கிலோமீட்டர் கடந்த பின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலே போதும், தொலைத்தொடர்புக்கு இழை பயன்படும் என்றார். 2009இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. இன்றைய இழையில் ஒரு கிலோமீட்டர் கடந்த பின்னும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எஞ்சுகிறது.

பேராக்கிலுள்ளோர் இங்கே ஒன்றை நினைவு கூரலாம். 1858இலும் 1866இலும் அட்லாண்டிக் கடலடியில் இடப்பட்ட தந்திக் கம்பிகளுக்கு நீர் புகாத மேலுறையாக அமைந்தது கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால். மலாய் மொழியில் அதனைக் கெத்தா தபான் என்பர். தீபகற்பத்துக் காடுகளில் அம்மரங்களை வெட்டிச் சாய்த்தே பால் எடுத்தனர். ரப்பர் வருமுன்னரே இம்மண்ணின் மரப்பால் உலகச் செய்தியைச் சுமந்தது என்பதை மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர் மிகச் சிலரே.

இனி வீட்டிற்கு வருவோம். நிலையத்திலிருந்து வரும் ஓர் இழையின் ஒளியைப் பிரிப்பான் ஒன்று பல கிளைகளாகப் பகுக்கிறது. முப்பத்திரண்டு கிளைகளாகப் பகுத்தால், ஒரு வீட்டுக்குக் கிடைப்பது முப்பத்திரண்டில் ஒரு பங்கினும் குறைவே. வீட்டுப் பெட்டி ஒரு மில்லிவாட்டின் ஐந்நூற்றில் ஒரு பங்கு ஒளியையும் உணரவல்லது. அதற்கும் கீழே சென்றால் திகைத்துவிடும். இத்துணை நுண்ணிய கணக்கில், இழையை ஓரிடத்தில் மடக்கிவிட்டால் என்ன ஆகும்? வளைவு கூர்மையாகும்போது ஒளி உறையைத் துளைத்து வெளியே கசிந்துவிடும். வளைவைத் தாங்குமாறு செய்யப்பட்ட இக்கால இழைகளில் சில 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை பொறுக்கும். ஆயினும் பொருத்துவோர் 30 மில்லிமீட்டருக்குக் குறையாமல், அதாவது தேநீர்க் குவளையின் வாய் அளவேனும் வளைவு இருக்குமாறு பார்த்துக்கொள்வது நலம். மிச்ச இழையை வட்டமாகச் சுருட்டி வைக்க வேண்டும். துணி மடிப்பது போல் மடித்து நூலால் இறுக்கிக் கட்டலாகாது.

பரணின் வெப்பம் கண்ணாடி இழைக்கு ஒரு பொருட்டன்று. பெட்டிக்கோ அது பகை. தாப்பாவில் நண்பகலில் வெளியே 33 டிகிரி இருக்குமாயின், தகரத்துக்கோ ஓட்டுக்கோ அடியில் 50 டிகிரியைத் தாண்டுவது அரிதன்று. வீட்டுப் பெட்டிகள் பெரும்பாலானவை 40 டிகிரி வரைக்குமே செய்யப்பட்டவை. அவற்றினுள் இருக்கும் மின்தேக்கி என்னும் உறுப்பின் ஆயுள், வெப்பம் பத்து டிகிரி ஏறுந்தோறும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலார் கைக்கொள்ளும் கணக்கு. எட்டாண்டு உழைக்க வேண்டியது இருபது டிகிரி மிகுந்தால் இரண்டே ஆண்டில் ஓயும். பிற்பகலில் இணையம் அறுந்து, இரவில் தானே சரியாகிவிடுகிறது என்று முறையிடுவோர் முதலில் பெட்டி இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அதே தாப்பாவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மலையேறிக் கேமரன் மலையின் தானா ராத்தாவை அடைந்தால், அங்கே இங்கிலாந்து அறிவுரை ஓரளவு பொருந்தும். அங்கும் எலி உண்டு என்பது வேறு.

வெப்பம் ஒன்றே தடையன்று. கம்பியில்லா அலையைப் பரப்பும் திசைவி உயரத்தில் இருந்தால் வீடு முழுதும் அலை பொழியும் என்று பலர் கருதுவர். நிமிர்ந்து நிற்கும் அதன் கொம்பிலிருந்து அலை உளுந்து வடையின் வடிவில் பரவுகிறது: பக்கங்களில் மிகுதி, நேர் மேலும் நேர் கீழும் நடுத்துளை போல் வறுமை. பரணில் வைத்த திசைவிக்கு நேர் கீழே அமர்ந்து படிக்கும் பிள்ளைக்கு அந்த வறுமையே வாய்க்கும். தண்ணீர்த் தொட்டி அலையை விழுங்கும். ஓட்டின் கீழ் வெப்பந் தடுக்க விரித்த அலுமினியத் தாள் அதனைத் திருப்பி அடிக்கும்.

மின்சாரத்தையும் எண்ண வேண்டும். செப்புக் கம்பித் தொலைபேசிக்கு நிலையமே 48 வோல்ட்டு அனுப்பியதால், ஊரில் விளக்கணைந்தாலும் அது பேசிற்று. கண்ணாடி மின்சாரத்தைச் சுமக்காது. பெட்டிக்கு வீட்டு மின்சாரம் தேவை. அதற்கெனப் பரணில் நீட்டிப்புக் கம்பி இழுத்துப் போடுவது, எலி கடித்த இடத்தில் தீப்பற்ற வழி வைப்பதாகும். மின்னல் மிகுந்த இந்நாட்டில் இழை இடியை உள்ளே கொணராது என்பது ஆறுதல். ஆனால் கம்பத்திலிருந்து இழையோடு வரும் தாங்குகம்பி எஃகினால் ஆனதாயின், அது மின்சாரத்தைக் கடத்தும். அதனை வெளிச்சுவரிலேயே கட்டி நிறுத்திவிட்டு, இழையை மட்டும் உள்ளே விடுதல் வேண்டும்.

ஆகவே பரண் இழை செல்லும் வழியாக இருக்கலாம். பெட்டி தங்கும் இடமாக வேண்டா. வெளிச்சுவரில் இடும் துளை வெளிப்புறம் நோக்கிச் சரிந்திருக்க வேண்டும்; துளைக்கு முன் இழை சிறிது கீழே தொங்கி வளைந்து மேலேறினால் மழைநீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். பரணினுள் பிளாஸ்டிக் குழாய்க்குள் இழையைச் செலுத்தி, மரச்சட்டத்தை ஒட்டி, மின்கம்பியினின்றும் விலக்கிக் கொண்டுசெல்வது முறை. ஏறுவோர் சட்டத்தின் மேலேயே கால் வைக்க வேண்டும். உட்கூரைப் பலகை ஆளின் எடையைத் தாங்காது. பழைய வீடுகளில் அப்பலகை கல்நார் கலந்ததாக இருக்கக்கூடும். அதனைத் துளையிட்டால் எழும் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஐயமிருப்பின் துளையிடாது சுவர்வழியே இறக்குவதே அறிவுடைமை. இறங்கிய இழை வரவேற்பறைச் சுவரில், இடுப்பளவு உயரத்தில், மின்செருகிக்கு அருகே முடியட்டும். பெட்டியை அங்கே வைத்துக் காற்றோட இடம் விட்டால் போதும்.

பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று குறித்த சிறு விளக்கு சிவந்து மினுக்கினால், ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது இழை எங்கேனும் நசுங்கியோ மடிந்தோ கிடக்கிறதா என்று கண்ணால் தொடர்ந்து பார்க்கலாம். பரணில் பழம்பெட்டி ஒன்றை யாரேனும் அதன் மேல் இழுத்து வைத்திருக்கவும் கூடும். பச்சை நிற இணைப்பியைக் கழற்றி முனையை விரலால் துடைக்கக் கூடாது; விரலின் எண்ணெய்ப் பசையே ஒளியை மறைத்துவிடும். கழன்ற முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதும் கூடாது. அதில் வரும் ஒளி மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. வருகிறதா இல்லையா என்பதைப் பார்த்து அறிய இயலாது. அதற்குரிய அளவுகருவி பொருத்துநரிடம் உண்டு.