நீர் போகும் வழியும் நாம் போகும் வழியும்

கல்லணையைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனத் தண்ணீர் பிரிந்து செல்கிறது. ஒவ்வொன்றிலிருந்தும் வாய்க்கால்கள், அவற்றிலிருந்து கிளை வாய்க்கால்கள், கடைசியில் வயல். ஒரு மரத்தைக் கிளைகளோடு தரையில் படுக்க வைத்தாற்போன்ற அமைப்பு இது. நீர் பள்ளத்தை நோக்கி மட்டுமே ஓடும், திரும்பி வராது. எனவே அதற்கு இந்த மர அமைப்பே போதும்.

நமக்கு அது போதுமா? ஒரு சிறு சோதனை செய்வோம்.

ஒரு தாளில் வரிசைக்கு மூன்றாக, மூன்று வரிசைகளில் ஒன்பது புள்ளிகள் வையுங்கள். புள்ளிகள் சந்திகள், அடுத்தடுத்த புள்ளிகளை இணைக்கும் கோடுகள் தெருக்கள். எல்லாப் புள்ளிகளையும் இணைக்கக் குறைந்தது 8 கோடுகள் வேண்டும். இது மர அமைப்பு. இதில் எந்தக் கோட்டை அழித்தாலும் ஒரு பகுதி துண்டாகிவிடும். இன்னும் 4 கோடுகள் சேர்த்து 12 ஆக்குங்கள். நான்கு கட்டங்கள் கிடைக்கும். இப்போது எந்த ஒரு கோட்டை அழித்தாலும் மாற்றுவழி உண்டு! இவ்வாறு புள்ளிகளையும் கோடுகளையும் ஆராயும் கணிதத்துக்கு 1736-இல் வித்திட்டவர் ஆய்லர். ஓர் ஊரின் ஏழு பாலங்களைப் பற்றிய புதிர்தான் அதற்குக் காரணம்.

தஞ்சாவூரின் பழைய கோட்டைப் பகுதிக்கு வாருங்கள். அரண்மனையைச் சுற்றிக் கீழ ராஜவீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி ஆகிய நான்கும் ஒரு வளையமாக அமைந்துள்ளன. அதற்கு வெளியே, கோட்டை மதிலை ஒட்டியிருந்த இடங்களில் அலங்கம் என்று பெயர் கொண்ட தெருக்கள். இவற்றுக்கிடையே எத்தனையோ சந்துகள். சில முட்டுச்சந்துகளே; ஆயினும் ஒரு வீதி அடைபட்டால் வேறு வழியாகச் சுற்றிப் போய்விடலாம்.

ஊர் வளரும்போது என்ன நிகழ்கிறது? டெல்டா ஊர்களின் ஓரத்தில் வயல்கள் ஒவ்வொன்றாக மனைகளாகின்றன. மனை பிரிப்பவர் பெரிய சாலையிலிருந்து தம் எல்லை வரை தெரு போடுகிறார். அங்கே ஒரு வாய்க்கால், தெரு நின்றுவிடுகிறது. மறுகரையில் இன்னொருவர் போட்ட தெருவும் அப்படியே நிற்கிறது. நீருக்காக ஏற்பட்ட மர அமைப்பு நம் தெருக்களுக்கும் வந்துவிட்டது!

விளைவு? மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் பள்ளிக்கூடத்துக்குச் சிறுவன் பெரிய சாலை வரை சென்று சுற்றிப் போக வேண்டும். தெருமுனையில் ஒரு லாரி பழுதாகி நின்றால் ஆம்புலன்ஸ் உள்ளே வர இயலாது.

வீட்டை இடித்துக் கட்டலாம். தெருவின் போக்கை மாற்றுவது மிகக் கடினம். அமெரிக்காவில் புதிய தெருக்களின் தொடர்பு பல பத்தாண்டுகள் குறைந்துகொண்டே போய், 1990-களின் நடுவில்தான் மீண்டும் உயரத் தொடங்கியது. முன்பு போட்ட முட்டுச்சந்துகளோ பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. ஆகவே வீடுகள் எழும் முன்பே, அடுத்த மனைப்பிரிவுக்குச் செல்ல வழிவிட்டு, வாய்க்கால்மேல் ஒரு சிறு பாலம் கட்டுவதே அறிவுடைமை.

நீங்களும் ஆராயலாம். உங்கள் பகுதியின் தெருக்களை வரையுங்கள். முட்டுச்சந்தின் முனைக்கு 1, முச்சந்திக்கு 3, நாற்சந்திக்கு 4 என மதிப்பிட்டுச் சராசரி காணுங்கள். பழைய தெருக்களுக்கும் புதிய நகருக்கும் தனித்தனியே கணக்கிடுங்கள். எதில் சராசரி குறைவு? எந்த இடத்தில் ஒரு பாலம் போட்டால் அது உயரும்? அந்த இடத்தை உங்கள் படத்தில் சிவப்பு மையால் குறியுங்கள்.