மழையில் நனைந்த தேரி

வடகரை, தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சாரல் புதிதன்று. ஆனி, ஆடி மாதங்களில் சன்னலைத் திறந்து வைத்தால் மேசைமேல் உள்ளதெல்லாம் நனைந்துவிடும். அப்படி நனைந்த ஒரு சிறு படம் கற்பித்த பாடம் இது.

படம் அஞ்சலட்டை அளவுதான். திருச்செந்தூரை அடுத்த குதிரைமொழித் தேரியில் மழை பெய்து ஓய்ந்த காட்சியை என் தங்கை மகன் பேஸ்டலால் தீட்டியிருந்தான். மெழுகுபோல் வழவழப்பான எண்ணெய்ப் பேஸ்டல் அன்று. சாக்கட்டிபோல் தூள் உதிரும் வகை. தேரி என்பது தூத்துக்குடி மாவட்டக் கடலோரச் செம்மணல் மேடு. நம் ஊர்ப் பாலைவனம் எனலாம். நமக்குச் சாரலைத் தரும் தென்மேற்குக் காற்று, ஈரத்தை மலையிலேயே இழந்து, அங்கே வறண்ட காற்றாகச் சென்று மணலை வாரி இறைக்கிறது. அங்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான்.

நனைந்த மணலை அடர்சிவப்பாகவும், காய்ந்த திட்டுகளை வெளிர்சிவப்பாகவும் பையன் காட்டியிருந்தான். சாரல் பட்டதும் காய்ந்த திட்டுகளும் கறுத்துவிட்டன. "படம் பாழாப் போச்சே, மாமா!" என்று கலங்கினான். "துடைக்காதே, அப்படியே காயவிடு" என்றேன்.

நீருக்கு நிறமில்லை. பின் ஏன் கறுத்தது? முதலில் உண்மையான மணலைப் பார்ப்போம்.

தேரி மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் நிறமற்ற படிகத் துகள்கள். அவற்றின்மேல் ஹேமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு மெல்லிய செம்பூச்சாகப் படிந்துள்ளது. காய்ந்த மணலில் துகள்களுக்கிடையே காற்று இருக்கிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1.00, குவார்ட்ஸின் எண் சுமார் 1.54. இவ்வளவு வேறுபாடு இருப்பதால், எல்லையில் நேராக விழும் ஒளியில் சுமார் 4.5 விழுக்காடு எதிரொளிக்கிறது. மற்றதும் நன்றாகத் திசை மாறுகிறது. எனவே ஒளி ஆழமாகப் போகுமுன் சிதறி வெளியே வந்துவிடுகிறது. மணல் வெளிறித் தெரிகிறது.

மழை பெய்ததும் காற்று இருந்த இடத்தில் நீர் புகுகிறது. நீரின் எண் 1.33. இப்போது எல்லையில் எதிரொளிப்பது அரை விழுக்காடே! ஒளி அதிகம் திரும்பாமல் உள்ளே செல்கிறது. பல துகள்களைத் தொடுகிறது. தொடும்போதெல்லாம் செம்பூச்சு ஒளியை உட்கவர்கிறது. சிவப்பைவிட நீலத்தையும் பச்சையையும் கூடுதலாகக் கவர்கிறது. ஆகவே மணல் கறுப்பதோடு சிவப்பும் ஆழமாகிறது. வெளியேற முயலும் ஒளியில் ஒரு பகுதியை, மேலே உள்ள நீர்ப்படலம் முழு அக எதிரொளிப்பால் மீண்டும் உள்ளே தள்ளுகிறது. இதனைச் சுவீடன் நாட்டு அறிஞர் ஆங்ஸ்ட்ராம் 1925இல் விளக்கினார்.

இனி படத்துக்கு வருவோம். பேஸ்டலில் நிறமித் தூளும் சுண்ணத் தூளும் மிகுதி; பசை மிகக் குறைவு. தாளில் ஒட்டிய தூளுக்கிடையே காற்று நிற்கிறது. அதாவது பேஸ்டல் படமே ஒரு காய்ந்த மணல்வெளி! மணலுக்குச் செய்ததையே நீர் அதற்கும் செய்தது. மறுநாள் நீர் ஆவியாகிக் காற்று திரும்பியதும் வெளிர்நிறமும் திரும்பியது. துளியின் ஓரங்களில் மெல்லிய வளையங்கள் மட்டும் நின்றுவிட்டன. துடைத்திருந்தால் தூளே போயிருக்கும்.

தூள் உதிராமலிருக்க ஓவியர்கள் பிசின் கரைசலைத் தெளிப்பதுண்டு. பிசின் இடைவெளிகளை நிரப்புவதால் நிறம் சற்றுக் கறுக்கும். பிசின் ஆவியாகாது, எனவே அந்தக் கறுப்பு மாறாது. அதனால்தான் பலர் தெளிக்காமல், படத்தைத் தொடாதவாறு கண்ணாடியிட்டுச் சட்டமிடுகிறார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள். கறுப்புத் தாளில் இரண்டு இடங்களில் சாக்கட்டியால் தீட்டுங்கள். ஒன்றில் ஒரு துளி நீரும், மற்றதில் ஒரு துளி தேங்காய் எண்ணெயும் விடுங்கள். இரண்டிலும் வெண்மை மங்கும். மறுநாள் எதில் வெண்மை திரும்பியிருக்கும்? ஏன்? வடை மடித்த செய்தித்தாளையும் நினைத்துக்கொண்டு விடை சொல்லுங்கள்.