இடமிருந்தும் இடமில்லை

விஞ்ஞானம் விரைந்து வளரும் இந்நாளில் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் காணாத மாணவியர் இலர் எனலாம். ஆனால் அதனுள் ஒரு பதிவேடு இருப்பதை எத்தனை பேர் அறிவோம்? சென்ற பள்ளி ஆண்டு விழா வரை நாங்களும் அறியவில்லை.

எங்கள் தமிழாசிரியை ஓய்வு பெறுமுன் இயக்கிய கடைசி நாடகம் அது. 6 ஜிபி அளவுள்ள ஒரே வீடியோ. தோழி ஒருத்தியின் டிஸ்க்கில் 300 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும், கோப்பு மிகப் பெரிது என்று கணினி மறுத்துவிட்டது! திகைத்தோம்.

டிஸ்க்கில் எந்தக் கோப்பு எங்கே உள்ளது, அதன் நீளம் என்ன என்று குறித்து வைக்கும் முறையே ஃபைல் சிஸ்டம். நூல் நிலையப் பதிவேடு போன்றது. 1996-இல் வந்த ஃபேட்32 பதிவேட்டில் நீளத்தை எழுத 32 பிட்டுகளே உண்டு. அவற்றில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. எனவே 4 ஜிபியைத் தொடும் கோப்பை அதில் பதிய இயலாது. அலமாரி காலியாக இருந்து என்ன பயன்?

வேறு எதைத் தேர்ந்தெடுப்பது? பள்ளி அலுவலகத்தில் விண்டோஸ், ஆய்வகத்தில் லினக்ஸ், தோழி வீட்டில் மேக். விண்டோஸுக்குரிய என்டிஎஃப்எஸ் உறுதியானது. ஆனால் மேக் அதைப் படிக்குமேயன்றித் தானாக எழுதாது. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4-ஐ மற்ற இரண்டும் தனி மென்பொருளின்றிப் படிக்கமாட்டா. எஞ்சியது எக்ஸ்ஃபேட். மைக்ரோசாஃப்ட் 2006-இல் தந்தது. 2019-இல் அதன் விவரங்கள் வெளியிடப்பட்டன. அதே ஆண்டு வந்த லினக்ஸ் 5.4-இலும் அது இடம்பெற்றது. மூன்று கணினிகளும் ஏற்கும். 4 ஜிபி தடையும் இல்லை.

மாற்றுவதற்கு ஃபார்மட் செய்தால் உள்ளிருப்பதெல்லாம் போய்விடும். அதில் தோழியின் அக்கா திருமணப் படங்கள்! அவற்றை வேறிடத்தில் பிரதி எடுத்து, திறந்து பார்த்த பிறகே துணிந்தோம்.

எக்ஸ்ஃபேட்டுக்கும் குறை உண்டு. என்டிஎஃப்எஸ், ஈஎக்ஸ்டி4 ஆகியவை பதிவேட்டில் செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ளும். இதற்கு அவ்வழக்கம் இல்லை. மேலும், முடிந்துவிட்டது என்று திரையில் தெரிந்தாலும் சில பகுதிகள் கணினியின் நினைவகத்தில் காத்திருக்கலாம். நாங்களோ அவசரத்தில் எஜெக்ட் கொடுக்காமல் வயரைப் பிடுங்கிவிட்டோம். வீடியோ திறக்கவில்லை. எங்கள் முகங்கள் வெளிறின. கேமரா கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பினோம்.

மீண்டும் பிரதி எடுத்து, முறைப்படி எஜெக்ட் செய்து, ஆசிரியை வீட்டுக்கே கொண்டுபோனோம். அவர்களுடைய பழைய டி.வி.க்கு எக்ஸ்ஃபேட் தெரியவில்லை! ஆசிரியை சிரித்துவிட்டார்கள். மடிக்கணினி எடுத்துவர ஒருத்தி ஓடினாள்.